ஸ்கோர் எங்கே ஒழுகுகிறது? கோல்ஃப் ஆட்டத்தின் பலவீனத்தைப் பிடிக்க ஐந்து ரவுண்டு கணக்கு

பதினெட்டு குழியும் முடித்துவிட்டு உட்காரும் மேசையில் பத்துப் பேரிடம் "இன்னைக்கு எங்கே விட்டது?" என்று கேட்டால் ஆறேழு பேர் புட்டிங், அதாவது கிரீன் என்ற வழவழப்பான புல்தரையில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது, என்பார்கள். காரணம் எளிது. மூன்றடிப் புட் தவறுவதை நான்கு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். 150 யார்டிலிருந்து அடித்த பந்து கிரீனுக்கு 25 யார்டு முன்னாலேயே விழுந்ததை யாரும் தவறாகவே எண்ணுவதில்லை. "நல்ல ஷாட்தான், கொஞ்சம் ஷார்ட்" என்று சொல்லி நடந்துவிடுகிறோம். ஸ்கோர் கார்டும் உதவாது. அதில் 6 என்று இருக்கும். அந்த ஆறில் எது வீண் என்று இருக்காது.

ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணும் (குறையக் குறைய நல்லது) இதற்குப் பயன்படாது. 2020 முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறை, கடைசி 20 ரவுண்டில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நன்றாக ஆடினால் எப்படி ஆடுவீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். நோய் தெரிய வேண்டுமானால் மோசமான 12 ரவுண்டையும் பார்க்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை, ஐந்து ரவுண்டு குறிப்பு. ஒன்றோ இரண்டோ போதாது. ஒரு நாள் காற்று, ஒரு நாள் ராசி என்று எண்கள் ஆடும். நன்றாக ஆடிய நாளை மட்டும் எழுதிவைத்து, மோசமான நாளில் ஒன்பதாவது குழியோடு பேனாவை மூடிவைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் இந்த வேலையே வேண்டாம்.

எதை எழுதுவது

கார்டின் பின்புறத்தில் நான்கு பத்தி போதும்: டீ (குழியின் முதல் அடி), அப்ரோச் (கிரீனை நோக்கி அடிப்பது), ஷார்ட் கேம் (கிரீனருகே குட்டை அடிகள்), புட். ஒவ்வொரு குழியிலும் வீணான அடியை மட்டும் குறியுங்கள்.

டீ பத்தி: பந்து அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (எல்லைக்கு வெளியே) போனாலோ தொலைந்தாலோ 2. தண்ணீரிலோ வேறு பெனால்டி ஏரியாவிலோ விழுந்தால் 1. மரத்துக்குப் பின்னால் சிக்கி, பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்க மட்டும் ஓர் அடி செலவானால் 1. ரஃபில் (ஓரத்து உயரப் புல்லில்) கிடந்தாலும் அடுத்த ஷாட்டைக் கிரீனை நோக்கி அடிக்க முடிந்தால் 0. ஃபேர்வேயில் (நடுவே வெட்டிய புல்வழியில்) விழுந்ததா என்ற கேள்வியே வேண்டாம். ஃபேர்வேயை விட்டு நாலு யார்டு தள்ளிப் போன நல்ல டிரைவுக்கும் வேலிக்கு வெளியே போன டிரைவுக்கும் அது ஒரே மதிப்பெண் போடும்.

அப்ரோச் பத்தி: 50 யார்டுக்கு மேல், கிரீனை எட்டும் தூரத்திலிருந்து அடித்த ஷாட். கிரீனைத் தவறவிட்டால் ½. மண்ணைத் தோண்டியோ பந்தின் தலையைத் தட்டியோ மறுபடியும் 50 யார்டுக்கு மேல் மிச்சமிருந்தால் 1. பெனால்டி என்றால் அதன் மேல் இன்னொரு 1. கூடவே பந்து எந்தப் பக்கம் தவறியது என்று ஓரெழுத்து: முன், பின், இடம், வலம். இந்த ஓரெழுத்துதான் பிறகு பொன்னாகும்.

ஷார்ட் கேம் பத்தி: 50 யார்டுக்குள், பங்கர் என்ற மணற்குழியும் சேர்த்து. அடித்த பந்து கிரீனில் ஏறவில்லை என்றால் 1. ஏறியும் குழியிலிருந்து மூன்று தப்படிக்கு மேல் தள்ளி நின்றால் ½.

புட் பத்தி: முதல் புட்டின் தூரத்தைத் தப்படியில் எழுதுங்கள். உங்கள் ஒரு தப்படி எத்தனை அடி என்று வீட்டு வாசலிலேயே அளந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு இரண்டரை முதல் மூன்றடி. ஐந்தடிக்குள் இருந்த முதல் புட் தவறினால் 1. மூன்று புட் ஆனால் 1. ஒரே குழியில் இரண்டும் நடந்தாலும் 1 மட்டும்.

மொத்தப் புட் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். எல்லா கிரீனையும் தவறவிட்டு, ஓரத்திலிருந்து சிப் (தாழ்வான குட்டை அடி) அடித்துப் பக்கத்தில் வைப்பவருக்கு 30 புட் வரும். பத்து கிரீனில் நேராகப் போய் நிற்பவருக்கு 35 வரலாம். முதலாமவர் புட்டரில் வல்லவர் என்று அதற்கு அர்த்தமில்லை.

ஒரு குழியைப் பிரித்துப் பார்த்தால்

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பது, கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் முறை. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் 2011-இல் புட்டிங்குக்கு இதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. கருத்து இதுதான்: பந்து கிடக்கும் இடத்திலிருந்து குழிக்குள் போட ஒரு டூர் ஆட்டக்காரருக்குச் சராசரியாக எத்தனை அடி (ஸ்ட்ரோக்) தேவை என்று தெரியும். ஓர் அடி அடித்த பிறகு அந்தச் சராசரி சரியாக ஒன்று குறைந்தால் அது டூர் தரத்து ஷாட். அதற்கு மேல் குறைந்தால் லாபம். ஒன்றுக்குக் கீழே என்றால் நஷ்டம்.

400 யார்டு பார்-4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி) ஒன்றை எடுத்துக்கொள்வோம். டீயில் சராசரி 3.99.

டிரைவ் 240 யார்டு போய் ஃபேர்வேயில் நிற்கிறது. மிச்சம் 160 யார்டு, அங்கிருந்து சராசரி 2.98. ஆக +0.01. டூர் தரம்.

இரண்டாவது அடி கிரீனை எட்டாமல் 20 யார்டு தள்ளி ரஃபில் விழுகிறது. அங்கே 2.59. ஆக −0.61.

சிப் 20 அடியில் நிற்கிறது. அங்கே 1.87. ஆக −0.28.

முதல் புட் வேகம் தப்பி ஐந்தடி தள்ளி நிற்கிறது. அங்கே 1.23. ஆக −0.36.

ஐந்தடிப் புட் உள்ளே. +0.23.

எல்லாவற்றையும் கூட்டினால் −1.01. 3.99-க்குப் பதில் 5, போகி (பாரைவிட ஒன்று கூட). ஆட்டக்காரர் மனதில் தங்குவது எது? ஐந்தடி ஓடிப்போன அந்தப் புட். "கிரீன்ல வந்து சொதப்பிட்டேன்" என்பார். உண்மையில் அதிகம் பறித்தது, யாரும் முகம் சுளிக்காத அந்த இரண்டாவது அடி. சமாளித்து உள்ளே தள்ளிய ஐந்தடிப் புட்டோ இந்தக் குழியிலேயே பெரிய லாபம்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் இந்தத் தசமக் கணக்கு போட வேண்டுமென்றால் அதற்குச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் முன்னால் சொன்ன நான்கு பத்தியே முக்கால்வாசி உண்மையைக் காட்டிவிடும்.

எண்ணை எதோடு ஒப்பிடுவது

ஐந்து ரவுண்டு முடிந்ததும் பத்திகளைக் கூட்டி ஐந்தால் வகுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அப்ரோச் பத்தி எல்லோருக்குமே பெரிதாக இருக்கும், ஏனென்றால் டூர் ஆட்டக்காரர்களே ஒரு ரவுண்டில் 18 கிரீனில் சுமார் 12-ஐத்தான் பிடிக்கிறார்கள். பெரிய எண் என்பதாலேயே அது பலவீனம் ஆகிவிடாது.

அளவுகோலுக்கு வெளியே போக வேண்டாம். உங்கள் கோல்ஃப் கிளப்பிலேயே உங்களைவிட ஆறேழு ஹேண்டிகேப் குறைவான ஒருவரிடம் கேட்டு, இரண்டு மூன்று ரவுண்டுக்கு இதே நான்கு பத்தியை நிரப்பச் சொல்லுங்கள். ஓர் உதாரணம் பார்க்கலாம். உங்கள் சராசரி டீ 2.6, அப்ரோச் 6.3, ஷார்ட் கேம் 3.4, புட் 2.8 என்று வைத்துக்கொள்வோம். அவருடையது 1.5, 4.0, 2.0, 2.5. வித்தியாசம் 1.1, 2.3, 1.4, 0.3. நீங்கள் புது புட்டர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை பாருங்கள்.

பையைச் சுமந்து உடன் வரும் கேடியிடமும் கேளுங்கள். நம் கோல்ஃப் கிளப்புகளில் ஒரே கேடி வருஷக்கணக்கில் நம்மோடு நடக்கிறார், நம் நல்ல அடியையும் கெட்ட அடியையும் நம்மைவிட நிதானமாகப் பார்க்கிறார். "எப்படி ஆடினேன்?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லா ஆடினீங்க சார்" என்றுதான் வரும். "அண்ணே, 150-ல இருந்து நான் கேக்குற கிளப் (மட்டை) சரியா, ஒண்ணு கூட எடுக்கணுமா?" என்று கேட்டால் உண்மை வரும்.

அப்ரோச் என்று தெரிந்தால்

பத்தில் எட்டுப் பேருக்கு இங்கே வந்துதான் நிற்கும். சரிசெய்வதற்கு முன் அந்த ஓரெழுத்துகளை எண்ணுங்கள்.

பாதிக்கு மேல் "முன்" என்றால் ஸ்விங்கைத் தொடவே வேண்டாம். நீங்கள் தப்பான கிளப்பை எடுக்கிறீர்கள். ஏழாம் அயர்னில் (இரும்புத் தலை மட்டையில்) என்றோ ஒரு நாள் காற்று முதுகில் தள்ள 155 போனது; அன்றிலிருந்து "என் செவன் 155" என்று மனதில் பதிந்துவிட்டது. ஒவ்வொரு அயர்னிலும் பத்துப் பந்து அடித்து, நீளமான இரண்டையும் குட்டையான இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஆறின் சராசரியை எடுங்கள். பந்து விழும் இடம்தான் கணக்கு, உருண்டு நிற்கும் இடம் அல்ல. இதை ரேஞ்சுப் (பயிற்சித் திடல்) பந்தில் அளக்காதீர்கள். தேய்ந்த ரேஞ்சுப் பந்து பல யார்டு குறைவாகப் போகும். கூட்டமில்லாத சாயங்காலத்தில் மைதானத்தில், நீங்கள் ஆடும் அதே பந்தில் அளப்பது நல்லது.

இன்னொன்று, கொடியின் தூரத்துக்குக் கிளப் எடுப்பது. கிரீனின் முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை 30 யார்டு இருந்தால் அது கிட்டத்தட்ட மூன்று கிளப் வித்தியாசம். கொடி முன்னால் இருக்கும்போது அந்தத் தூரத்துக்கே அடித்தால், சற்றே சரியாகப் படாத பந்தெல்லாம் முன் பங்கரில்தான். கிரீனின் நடுவுக்குக் கிளப் எடுங்கள். இரண்டு ரவுண்டிலேயே "முன்" எழுத்து பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். பயிற்சி ஒரு நிமிஷம்கூட இல்லாமல்.

மலையில் ஆடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஊட்டி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது, கொடைக்கானலும் ஏறக்குறைய அந்த உயரம்தான். காற்று அடர்த்தி குறைவதால் ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் பந்து கூடுதலாகப் போகும். சென்னையில் 140 போகும் கிளப் அங்கே 150-ஐத் தாண்டும். சென்னைக் கணக்கோடு ஊட்டிக்குப் போய் வந்து, அந்த ரவுண்டையும் ஐந்தில் ஒன்றாகச் சேர்த்தால் "பின்" எழுத்து குவிந்து கணக்கையே கெடுத்துவிடும்.

எழுத்துகள் "முன்" ஆக இருந்து, கூடவே 1 மதிப்பெண் நிறைய இருந்தால் கதை வேறு. கிளப் பந்துக்கு முன்பே மண்ணில் இறங்குகிறது. ரேஞ்சில் பாயின் மேல் அடித்துப் பழகியவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பாயில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும், சத்தமும் நன்றாகவே கேட்கும். புல்லில் அதே அடி பாதித் தூரம்தான். சோதனை இப்படி: புல்லில் டீயின் (பந்தை ஏந்தும் குச்சியின்) முனையால் உங்கள் நிலைக்குக் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். பந்து வேண்டாம். கோட்டை நடுவில் வைத்து ஒன்பதாம் அயர்னால் பத்து ஸ்விங். புல் பெயரும் இடம் கோட்டிலோ, இலக்குப் பக்கமாகக் கோட்டைத் தாண்டியோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கினால் அடிக்கும் நொடியில் உங்கள் எடை பின்காலில் தங்கியிருக்கிறது. பந்தை "தூக்கிவிட" நினைப்பதுதான் பெரும்பாலும் காரணம். அந்த வேலை கிளப்பின் சாய்வுக்கு உரியது, உங்களுடையது அல்ல. அரை ஸ்விங்கில் ஆரம்பியுங்கள். முடிக்கும்போது பின்காலைத் தரையிலிருந்து தூக்கினாலும் விழாமல் நிற்க முடிகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பத்தில் எட்டு கோடு தாண்டும்வரை முழு ஸ்விங்குக்குப் போக வேண்டாம். இரண்டு வாரம் ஆகலாம்.

"இடம்", "வலம்" குவிந்தால், பந்து எங்கே கிளம்பியது, எங்கே வளைந்தது என்று இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிளப் முகம். வளைவைத் தீர்மானிப்பது, கிளப் போகும் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோணம். நேராக வலப்புறம் கிளம்பி வளையாமல் போகிறது என்றால் பாதையும் முகமும் இரண்டுமே வலப்புறம்; முதலில் நீங்கள் நிற்கும் திசையையே சந்தேகப்படுங்கள். காலடியில் ஒரு கிளப்பைக் கிடத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால் பல சமயம் அங்கேயே விடை கிடைக்கும்.

பந்து முகத்தில் எங்கே படுகிறது என்றும் தெரிய வேண்டும். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் கெட்டியாக ஒரு புள்ளி வைத்து, புள்ளி கிளப் முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். மை முகத்தில் பதியும். ஐந்து அடியில் ஐந்து புள்ளியும் குதிகால் பக்கம் இருந்தால் ஷாங்க் (பந்து பக்கவாட்டில் தெறிப்பது) வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அரை அங்குலம் பின்தள்ளி நின்று மறுபடி பாருங்கள்.

புட்டிங் என்று தெரிந்தால்

தப்படி எண்களைப் பாருங்கள். மூன்று புட் ஆன குழிகளில் முதல் புட் எத்தனை அடி? டூர் ஆட்டக்காரரே 33 அடியிலிருந்து சராசரி இரண்டு புட். உங்கள் மூன்று புட்டெல்லாம் 40, 50 அடியிலிருந்து வந்தவை என்றால் குற்றவாளி புட்டர் அல்ல, அவ்வளவு தள்ளிப் பந்தைக் கொண்டுவந்து வைத்த ஷாட். 20 அடியிலிருந்தே மூன்று ஆகிறதென்றால் புட்டிங்தான்.

நீளப் புட்டில் தப்புவது பெரும்பாலும் தூரம். 40 அடியில் திசை இரண்டடி தப்புவது அபூர்வம், நீளம் ஆறடி தப்புவது சர்வசாதாரணம். பயிற்சி: 30, 40, 50 அடியில் டீ குத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று பந்து. புட்டரின் நீளம் ஏறக்குறைய மூன்றடி. குழியைச் சுற்றி அந்த நீளத்துக்குள் நின்றால் 1 மதிப்பெண். ஒன்பதுக்கு ஆறு வந்தால் போதும். ஒத்திகை ஸ்விங்கைக் கீழே பார்த்துச் செய்யாமல் குழியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். கை தூரத்தைக் கண்ணிடமிருந்துதான் கற்றுக்கொள்ளும்.

குட்டைப் புட்டில் கணக்கு வேறு. குழியின் விட்டம் 4.25 அங்குலம். ஐந்தடி தூரத்தில் பந்து கிளம்பும் திசை இரண்டு டிகிரி பிசகினால் பந்தின் நடுப்பகுதி குழியின் ஓரத்துக்கு வந்துவிடும். பத்தடியில் ஒரு டிகிரியே போதும். அதனால் முகத்தை நேராக்கும் பயிற்சி: புட்டர் தலையின் இரு பக்கமும் விரல் அகல இடைவெளி விட்டு இரண்டு டீ. பந்துக்கு ஓரடி முன்னால் பந்து மட்டும் நுழையும்படி இன்னும் இரண்டு டீ. இதைச் சமதரையில் நான்கடியில் வைத்து 20 பந்து.

நம் வெப்பமான ஊர் மைதானங்களில் கிரீன் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லின் சொந்தக்காரன்தான் அது. தரையோடு ஒட்டி ஒரு பக்கமாகப் படரும். படர்ந்த பக்கமாக உருட்டினால் பந்து ஓடும், எதிர்த்தால் நிற்கும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளப்பாகத் தெரிந்தால் உங்களிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறது. கருத்துத் தெரிந்தால் உங்களை நோக்கி. சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைப் பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக இருக்கும், மறுபக்கம் நைந்திருக்கும். நைந்த பக்கமாகப் புல் போகிறது.

ஷார்ட் கேம்

1 மதிப்பெண்தான் அதிகம் என்றால் அடிபடுவதில் கோளாறு. ½ அதிகம் என்றால் கணிப்பில்.

அடிபடும் கோளாறுக்கு: கால்களை ஓரடிக்கும் குறைவாக வைத்து, எடையில் 60, 70 சதவீதத்தை முன்காலில் போட்டு, அங்கேயே கடைசிவரை விட்டுவிடுங்கள். தலை தட்டுவதும் மண் தோண்டுவதும் எதிர் நோய் மாதிரித் தெரிந்தாலும் வேர் ஒன்றே: எடை பின்னால் போவது.

கணிப்புக்கு: ஒரே வெட்ஜால் (சாய்வு அதிகமுள்ள மட்டையால்) எல்லாவற்றையும் அடிப்பதை விடுங்கள். சமமான கிரீனில், தோராயமாக, சாண்ட் வெட்ஜ் பறந்த அளவே உருளும்; பிட்சிங் வெட்ஜ் இரண்டு மடங்கு, ஏழாம் அயர்ன் நான்கு மடங்கு வரை. கிரீனுக்குள் ஒரு தப்படி தள்ளி ஓர் இடத்தைக் குறிவைத்து, பந்து எப்போதும் அங்கேயே விழட்டும். உருளும் தூரத்துக்கு ஏற்பக் கிளப்பை மாற்றுங்கள்.

வாரம் ஒரு முறை பரீட்சை: கிரீனைச் சுற்றி ஒன்பது வேறுவேறு இடம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பந்து, சிப்பும் புட்டும் சேர்த்து பார் 2. மொத்தம் 18. முதல் நாள் 27 வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 23-க்குக் கீழே இறங்கினால் ஸ்கோர் கார்டில் தெரியும்.

பங்கர் சுருக்கமாக. முகத்தைத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, ஸ்விங்கை நிறுத்தாமல் முடியுங்கள். பயிற்சியில் மணலில் கோடு போட்டு அடிக்கலாம். ஆட்டத்தில் பந்துக்குப் பக்கத்து மணலைக் கிளப்பால் தொட்டால் ஸ்கோரில் இரண்டு அடி தண்டனை. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு மணல் இறுகிக் கிடக்கும்போது முகத்தை அவ்வளவு திறக்காதீர்கள். கிளப் மணலில் துள்ளிப் பந்தின் நடுவில் மோதி எதிர்ப் பக்கத்துக்கு அனுப்பிவிடும்.

டீ

இங்கே பெரும்பாலும் ஸ்விங்கைவிட முடிவுதான் பிசகு. ரேஞ்சில் டிரைவரால் (நீண்ட தூர மட்டையால்) 20 பந்து அடித்து, இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் இடையே எத்தனை யார்டு என்று பாருங்கள். 60 யார்டு சிதறினால், 40 யார்டு அகலத்துக்கு இருபுறமும் வேலி உள்ள குழியில் டிரைவர் எடுப்பது சீட்டாட்டம். அந்தக் குழியில் ஹைப்ரிட் (தூரம் குறைவாகப் போகும் மட்டை). 30 யார்டு குறைந்தால் அடுத்த ஷாட்டில் மூன்று கிளப் நீளம் கூடும், அவ்வளவுதான். வேலி தாண்டினால் ஸ்கோரில் நேராக இரண்டு அடி கூடிவிடும்.

எல்லாப் பந்தும் வலப்புறம் வளைந்தால் முதலில் பிடியைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரர் குனிந்து பார்க்கும்போது இடது கையில் இரண்டு, மூன்று முட்டி தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறதென்றால் முகம் திறந்தே வரும். இந்தப் பிடி மாற்றம் பத்து நாளுக்கு அருவருப்பாக இருக்கும், விடாதீர்கள்.

பந்து தொலைந்ததோ, வெளியே போனதோ என்று சந்தேகம் இருந்தால் நகரும் முன்பே "புரொவிஷனல்" (மாற்றுப் பந்து) என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்து அடித்துவிட்டுப் போங்கள். 2019 முதல் தேடும் நேரம் மூன்று நிமிஷம்தான்.

நேரத்தைப் பங்கிடுவது

வாரத்துக்கு மூன்று தடவை, 50 நிமிஷம் கிடைத்தால்: முதல் 30 நிமிஷம் பலவீனமான பத்தியின் ஒரே ஒரு பயிற்சி. அடுத்த 15 நிமிஷம் அதையே கலந்து. ஒரே கிளப், ஒரே இலக்கு என்று தொடர்ந்து இரண்டு பந்து கூடாது. மைதானத்தில் ஒரே ஷாட்டை இருபது தடவை அடிக்க யாரும் விடப்போவதில்லை. இருபதாவது பந்தில் வரும் அழகு, முதல் பந்தில் வருகிறதா என்பதே கேள்வி. கடைசி ஐந்து நிமிஷம் மற்ற மூன்று பத்திக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு மதிப்பெண்ணாவது எழுதுங்கள்: பத்துக்கு எட்டு, ஒன்பதுக்கு ஐந்து, எதுவானாலும். ஒரே சமயத்தில் பிடியையும் மாற்றி, நிலையையும் மாற்றி, யாரோ சொன்னதால் முழங்கையையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஐந்து ரவுண்டு, அதே நான்கு பத்தி. அப்ரோச் 6.3-லிருந்து 6.0 ஆனதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அந்த அளவு தானாகவே ஏறி இறங்கும். 5-ஐ ஒட்டி வந்தால் உண்மையான மாற்றம், அடுத்த பெரிய வித்தியாசம் உள்ள பத்திக்குப் போகலாம்.

அசையவே இல்லை என்றால் பயிற்சியாளரிடம் போக வேண்டிய நேரம். போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம். அந்தப் பத்துக் கார்டும், இரண்டு காணொளியும் கொண்டுபோங்கள்: ஒன்று நேர் எதிரே நின்று எடுத்தது, இன்னொன்று பின்னால் இலக்குக் கோட்டை ஒட்டி எடுத்தது, இரண்டிலும் கைபேசி உங்கள் கை உயரத்தில். "எல்லாமே போச்சு சார்" என்று போய் நின்றால் முதல் வகுப்பு முழுக்க நோயைத் தேடுவதிலேயே போய்விடும். "ஏழாம் அயர்ன், 31 தடவை தவறியது, 22 முன்" என்று சொன்னால் அவர் மூன்றாவது பந்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்.